சென்னையிலிருந்து சான் பிரான்சிஸ்கோ எத்தனை மணி நேரம்? கேட்பவர்களைச் சமாளிக்க ஒரு கையேடு

விசா கிடைத்த செய்தி தெருவுக்குள் பரவ எவ்வளவு நேரம் ஆகும் என்று யாரும் அளந்ததில்லை. எங்கள் குரோம்பேட்டைத் தெருவில், நான் மின்சார ரயில் பிடித்து வீடு வந்து சேர்வதற்குள் அது பரவி முடிந்திருந்தது. கேட்டைத் திறக்கும்போதே இஸ்திரிக்காரர் கரிப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "அமெரிக்காவுக்கு எத்தினி மணி நேரம் சார்?"

அன்றிலிருந்து மீனம்பாக்கம் விமான நிலையத்துக்குள் நுழையும் வரை இதே கேள்வியை ஐம்பது பேராவது கேட்பார்கள். பால்காரர், சம்பந்தி, பல் டாக்டர், நடைப்பயிற்சி கோஷ்டி, பெயர் தெரியாத ஒன்றுவிட்ட சித்தப்பா. முதல்முறை போகிறவர்கள் இதை எளிய கேள்வி என்று நினைத்து விடை சொல்லத் தொடங்கி மாட்டிக்கொள்கிறார்கள். எனக்கு நான்கு பயணத்து அனுபவம் உண்டு. மகள் சான் பிரான்சிஸ்கோவுக்குப் பக்கத்தில் ஃபிரீமான்ட்டில் இருக்கிறாள். நான்கு தடவையும் நான்கு வெவ்வேறு ஊர் வழியாகப் போனேன், நான்கு வெவ்வேறு விடை கிடைத்தது. அந்தத் தகுதியில்தான் இந்தக் கையேடு.

முதல் விதி: கேட்டவுடன் எண்ணைச் சொல்லிவிடாதீர்கள். "இருபது மணி" என்று சொன்னால், "அவ்வளவா? எங்க அத்தை பையன் பதினெட்டுலயே போய்ட்டானே" என்பார். "பதினெட்டு" என்றால் அவருடைய அத்தை பையன் பதினாறில் போயிருப்பான். உங்களைவிடக் குறைந்த நேரத்தில், குறைந்த காசில், ஜன்னலோர இருக்கையில் போன ஒருவன் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. ஆகவே மணியைத் தொடாமல் தூரத்திலிருந்து ஆரம்பியுங்கள். தூரம் என்றால் மறுத்துப் பேச ஆளிருக்காது.

தூரத்தை அளக்கச் சுவரில் மாட்டிய உலகப்படத்தில் ஸ்கேலை வைக்காதீர்கள். எதிர்வீட்டு ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் அப்படித்தான் வைத்தார். கோடு அரபிக்கடலில் இறங்கி, சஹாராவைக் கடந்து, அட்லாண்டிக்கை நீந்தி, அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ஏறி மேற்குக் கரைக்குப் போனது. பார்க்க ரொம்ப நேராக இருந்தது. ஆனால் அப்படி ஒரே சாய்வில் போனால் 20,000 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். பூமியின் சுற்றளவே சுமார் 40,000 கிலோமீட்டர். அதில் பாதிக்கு மேல் தள்ளி எந்த ஊரும் இருக்க முடியாது, இருந்தால் மறுபக்கமாகப் போவதுதான் கிட்டே. போஸ்ட்மாஸ்டர், பூமியிலேயே மிகத் தொலைவான இடத்தைவிடத் தொலைவாகச் சான் பிரான்சிஸ்கோவைக் கொண்டுபோய் வைத்துவிட்டார். குற்றம் அவர் மேல் இல்லை. 1569-இல் மெர்கேட்டர் போட்டுக்கொடுத்த படம் கப்பல்காரர்கள் திசைமானியைப் பார்த்து ஓட்டுவதற்கானது. உருண்டையைத் தட்டையாக்கினால் எங்கேயாவது பிதுங்கத்தான் செய்யும்.

சரியான முறை இது. மகள் பள்ளிக்கூடத்தில் படித்தபோது வாங்கிய பூகோள உருண்டை பரணில் இருக்கும். எடுத்துத் தூசி தட்டுங்கள். பூ கட்டும் நூலை மனைவியிடம் கேட்டு வாங்குங்கள், எதற்கு என்று சொல்லாதீர்கள். ஒரு முனையைச் சென்னையிலும் மறுமுனையைச் சான் பிரான்சிஸ்கோவிலும் அழுத்திப் பிடித்து, தொய்வு போகும் வரை இழுங்கள். இப்போது நூல் எங்கே போகிறது என்று பாருங்கள். கிழக்கேயும் இல்லை, மேற்கேயும் இல்லை. நேராக வடக்கே போகும்!

ஆந்திரக் கரையை ஒட்டி மேலேறி, எவரெஸ்ட் சிகரத்தை ஏறத்தாழ உரசிக்கொண்டு, திபெத், சீனா, மங்கோலியா, சைபீரியா என்று ஏறி, ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேலே கிட்டத்தட்ட 69 டிகிரி வரை போய், அலாஸ்கா வழியாகச் சரிந்து இறங்கும். நீளம் சுமார் 13,900 கிலோமீட்டர். இதை முதன்முதலில் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. கலிபோர்னியாவின் வெயிலுக்குப் போகும் குறுக்குவழி பனிக்கரடி உலாவும் பக்கம் போகிறது! ஐம்பது வருஷமாக அமெரிக்கா மேற்கே இருக்கிறது என்று நம்பி, சாயங்காலம் மாடியில் சூரியன் இறங்கும் பக்கமாகப் பார்த்து மகளை நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் திரும்பி நிற்கிறேன். அதுதான் வடக்கு.

"அமெரிக்கா நம்ம காலுக்கு நேர் கீழே இருக்கு, அதான் அங்க ராத்திரி" என்று ஒருவர் நடுவில் புகுவார். விடாதீர்கள். சென்னையில் நின்ற இடத்தில் கிணறு வெட்டிக்கொண்டே போனால் பெரு நாட்டுக்கு மேற்கே பசிபிக் பெருங்கடலின் நடுவில்தான் தலையை நீட்ட முடியும். அமெரிக்கா அங்கிருந்து இன்னும் பல ஆயிரம் கிலோமீட்டர்.

தூரம் என்ற பேச்சு வந்துவிட்டதால் நம்ம ஊர்ப் பெருமை ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிடலாம், கேட்பவர் ஓட முடியாது. இந்தியாவை அளக்கும் வேலை தொடங்கியதே நம் விமான நிலையத்தின் வாசலில்தான். 1802-இல் வில்லியம் லாம்ப்டன் பரங்கிமலையிலிருந்து அளவையின் அடிப்படைக் கோட்டை அளந்தார். நூறு அடி எஃகுச் சங்கிலியை வெயில் படாமல் கூடாரத்துக்குள் நீட்டி நீட்டி, நானூறு தடவை வைத்து எடுத்தார்கள். மொத்த நீளம் ஏழரை மைல். ஏழரையில் ஆரம்பித்த காரியம் லேசில் முடியுமா? அந்த அளவைப் பணி இமயமலையின் உச்சியை அளந்து முடிப்பதற்குள் லாம்ப்டனே காலமாகி, அவர் இடத்துக்கு எவரெஸ்ட் என்பவர் வந்து, அவரும் ஓய்வு பெற்றுவிட்டார்; அவர் பெயரைத்தான் அந்த மலைக்கு வைத்தார்கள். நம் நூல் பரங்கிமலை அடிவாரத்தில் கிளம்பி அந்த மலையின் பக்கமாகவே போகிறது என்பது தற்செயல்தான், ஆனால் சொல்லும்போது தற்செயல் மாதிரி சொல்லாதீர்கள்.

அந்த ஏழரை மைலை அளக்க 57 நாள் பிடித்தது. ஒரு நாளைக்கு இருநூற்றுச் சொச்சம் மீட்டர். செக்-இன் வரிசையில் உங்களுக்கு முன்னால் நிற்கும் குடும்பம் பெட்டியைத் திறந்து இரண்டு கிலோ பருப்புப்பொடியைக் கைப்பைக்கு மாற்றிக்கொண்டிருக்கும்போது இதை நினைத்துக்கொண்டால் மனம் ஆறும். அதே மலை, அதே வேகம்.

ஆக 13,900 கிலோமீட்டர். இந்த எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். இதில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம், எண் சரியானது, ஆனால் சென்னையில் டிக்கெட் வாங்கிய எவரும் இந்தத் தூரத்தைக் கடந்ததில்லை. நம் ஊரிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு நேர் விமானம் கிடையாது. எங்கேயாவது இறங்கி ஏற வேண்டும். எங்கே என்பதில்தான் குடும்பங்கள் உடைகின்றன.

துபாய் வழி என்று ஒரு கட்சி. நாலு மணி நேரத்தில் துபாய், அங்கிருந்து ஒரே மூச்சில் பதினாறு மணி. கூட்டினால் 16,000 கிலோமீட்டர் அளவில் வரும். லண்டன் அல்லது ஃபிராங்க்ஃபர்ட் வழி என்பது இரண்டாவது கட்சி. வழியைச் சரிபாதியாக வெட்டிக்கொள்ளலாம், கால் வீங்காது என்பது அவர்கள் வாதம். லண்டன் வழியாகத் தூரம் 16,800-ஐத் தொடும். சிங்கப்பூர் வழிக்காரர்கள் முறுக்கு மீசையோடு தனியாக நிற்பார்கள். அந்த வழி 16,500 கிலோமீட்டர், ஆனால் அங்கே விமான நிலையத்தில் இட்லி கிடைக்கும் என்று வாதிடும்போது கிலோமீட்டர் எடுபடாது. வடகலை தென்கலை வழக்காவது நீதிமன்றத்துக்குப் போய் ஏதோ ஒரு தீர்ப்பு வந்தது. இந்த வழக்குக்கு மேல்முறையீடே கிடையாது. என் மைத்துனர் ஃபிராங்க்ஃபர்ட் கட்சி. நான் துபாய் வழியாகப் போன வருஷம் அவர் வழியனுப்ப வரவில்லை.

இந்த மூன்றில் எந்த வழியில் போனாலும் இரண்டாயிரம் மூவாயிரம் கிலோமீட்டர் அதிகமாகச் சுற்றுகிறோம். இந்த இடத்தில் யாராவது பெங்களூரு பேச்சை எடுத்தால் தொண்டையைச் செருமிக்கொண்டு தண்ணீர் கேளுங்கள். 2021 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு ஏர் இந்தியா நேர் விமானம் விட்டது. ஜோயா அகர்வால் தலைமையில் விமானிகள் நால்வரும் பெண்கள். வட துருவத்தின் மேலாகப் பறந்து வந்தார்கள். நேர்வழியில் அளந்தால் 13,990 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊருக்குச் சுமார் பதினேழு மணி நேரம் பறந்த அந்த விமானம் சனிக்கிழமை இரவு கிளம்பி திங்கட்கிழமை விடியற்காலை வந்து இறங்கியது. நடுவில் இருந்த ஞாயிற்றுக்கிழமை வானத்தில் கரைந்துபோனது. பெங்களூரு நம்மைவிட எழுபது எண்பது கிலோமீட்டர்தான் தள்ளி என்றாலும், காவிரி விவகாரத்துக்கு அடுத்தபடி எனக்கு வருத்தம் தந்த செய்தி இது.

"நூல் போன வழியிலேயே விமானத்தை விட்டால் என்ன?" என்று புத்திசாலிப் பேரன் யாராவது கேட்பான். நல்ல கேள்வி. விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைந்துவிட்டால் விமானி உடனே பத்தாயிரம் அடிக்கு இறங்க வேண்டும். திபெத்தில் தரையே அதைவிட உயரத்தில் இருக்கிறது. எங்கே இறங்குவது? அதனால் அந்தப் பீடபூமியை விமானங்கள் கூடியவரை ஒதுக்கிவிட்டுப் போகின்றன. இது மலை செய்யும் தடை. மனிதர்கள் செய்யும் தடை தனி. 2022-க்குப் பிறகு அமெரிக்க, ஐரோப்பிய விமானங்கள் ரஷ்யாவின் மேல் பறக்க முடியாது. 2025 ஏப்ரலிலிருந்து பாகிஸ்தானின் மேல் இந்திய விமானங்கள் பறக்க முடியாமல் போனது. பக்கத்து வீட்டோடு சண்டை போட்டால் தெருக்கோடிக்குச் சுற்றிக்கொண்டு போவோமே, அந்தக் கதைதான். வடக்கு வழியில் போவதும் சும்மா இல்லை. 2023 ஜூனில் டில்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குப் போன விமானம் ஒன்று எஞ்சின் கோளாறால் ரஷ்யாவின் கிழக்குக் கோடியில் மகதான் என்ற ஊரில் இறங்கியது. இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் மாற்று விமானம் வரும் வரை அங்கே காத்திருந்தார்கள். அந்தப் பயணிகளிடம் போய் "எத்தனை மணி நேரம்?" என்று கேட்டுப் பாருங்கள்.

இனி மணிக்கணக்குக்கு வருவோம். தள்ளிப்போட முடியாது.

பெரிய விமானம் மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர் போகும். 13,900-ஐ 900-ஆல் வகுத்தால் பதினைந்தரை மணி. எட்டாம் வகுப்புக் கணக்கு. வாத்தியார் முழு மதிப்பெண் போடுவார், காற்று போடாது. முப்பதாயிரம் அடிக்கு மேலே மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்றாறு ஓடுகிறது. அதோடு சேர்ந்து போனால் ஆற்றோடு போகும் பரிசல், எதிர்த்துப் போனால் ஆடி மாதச் சைக்கிள். 2020 பிப்ரவரியில் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு ஒரு விமானம் ஐந்து மணி நேரத்துக்குள்ளாகவே போய்விட்டது, பின்னால் புயல் தள்ளியதில். இந்தக் காற்றை 1920-களிலேயே பலூன் விட்டுக் கண்டுபிடித்தவர் வசபுரோ ஓயிஷி என்ற ஜப்பானியர். உலகம் முழுக்கப் படிக்கட்டும் என்று ஆசைப்பட்டு அறிக்கையை எஸ்பெராண்டோ மொழியில் எழுதினார். உலகம் முழுக்க யாரும் படிக்கவில்லை. தமிழில் எழுதியிருந்தால் எங்கள் போஸ்ட்மாஸ்டராவது படித்திருப்பார்.

இதிலிருந்து நானே ஒரு தத்துவம் கண்டுபிடித்தேன். போகும்போது ஹாங்காங் வழியாகக் கிழக்கே போக வேண்டும். திரும்பும்போதும் கிழக்கேயே, அமெரிக்காவைத் தாண்டி அட்லாண்டிக், ஐரோப்பா வழியாக வர வேண்டும். இரண்டு பக்கமும் காற்று தள்ளும், போனஸாக உலகத்தையும் ஒரு சுற்று சுற்றியாகிவிடும். பாண்டி பஜாரில் ஒரு டிராவல் ஏஜெண்ட் இதை முழுக்கப் பொறுமையாகக் கேட்டார். பிறகு மேசை மணியை அடித்து எனக்குக் காபி சொன்னார். டிக்கெட் விலையைச் சொல்வதற்கு முன் மனிதருக்குத் தெம்பு கொடுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் பறக்கும் நேரமும் இல்லை. நின்ற இடத்தில் பிரேக்கை விட்டு நகரத் தொடங்கியதிலிருந்து, அந்த ஊரில் வந்து நிற்கும் வரை உள்ள நேரம் அது. ஓடுதளத்துக்கு முன்னால் வரிசையில் நிற்பதும் அதில் சேர்த்தி. கம்பெனிக்காரர்கள் தாமதப் பழி வராதிருக்கக் கொஞ்சம் கூடுதலாகவே போட்டு வைப்பார்கள். அதனால்தான் கேப்டன் ஒலிபெருக்கியில் "இருபது நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டோம்" என்று பெருமையாகச் சொல்ல முடிகிறது. கல்யாணப் பத்திரிகையில் ஒன்பதரை என்று போட்டுவிட்டுப் பத்து மணிக்குத் தாலி கட்டுகிற நமக்கு இந்தத் தந்திரம் புதிது இல்லை, திசைதான் வேறு.

பிரேக் விடும் நேரம் என்பது கம்பெனியின் கணக்கு. எங்கள் வீட்டில் வேறு. டிக்கெட்டில் கிளம்பும் நேரம் செவ்வாய்க்கிழமை விடியற்காலை என்று கண்டதும் என் மனைவி பஞ்சாங்கத்தை எடுத்தாள். நாள் சரியில்லை. விமானத்தைத் தள்ளிவைக்க முடியாது என்று எடுத்துச் சொன்னேன். அவள் அசரவில்லை. ஞாயிற்றுக்கிழமை நல்ல நேரம் பார்த்து, ஒரு கைப்பையில் வேட்டியும் மஞ்சள் துணியில் முடிந்த காசும் வைத்து, எதிர்வீட்டில் கொண்டுபோய்ப் பரஸ்தானம் வைத்துவிட்டாள். சாஸ்திரப்படி நாங்கள் அப்போதே கிளம்பிவிட்டோம். ஞாயிறு காலை ஒன்பது மணியிலிருந்து திங்கள் இரவு வரை, கிளம்பிவிட்டவர்களாகிய நாங்கள் எங்கள் வீட்டிலேயே சாப்பிட்டுத் தூங்கினோம். பயண நேரத்தில் இந்த முப்பத்துச் சொச்சம் மணியையும் சேர்க்க வேண்டுமா என்று போஸ்ட்மாஸ்டர் கேட்டார். பை அவர் வீட்டில்தானே இருந்தது.

அடுத்தது கடிகாரம். டிக்கெட்டில் அந்தந்த ஊருக்கு அந்தந்த ஊர் நேரம்தான் அச்சடித்திருக்கும். இதைத் தெரியாமல் கழித்துப் பார்ப்பவர்கள் கதி என்ன ஆகும் என்பதற்கு எங்கள் டிசம்பர் மாத டிக்கெட்டே சாட்சி. செவ்வாய் காலை 4 மணிக்குச் சென்னையில் கிளம்பி, அதே செவ்வாய் மாலை 4 மணிக்குச் சான் பிரான்சிஸ்கோ. திரும்பும்போது அங்கே செவ்வாய் மாலை 5 மணிக்குக் கிளம்பி, வியாழன் காலை 4 மணிக்குச் சென்னை. மாடி வீட்டு மாமி விரல் விட்டு எண்ணிவிட்டுக் கேட்டார்: "போறதுக்குப் பன்னெண்டு மணி, வர்றதுக்கு முப்பத்தஞ்சு மணியா? வரும்போது பஸ்ஸா?"

உண்மையில் போக இருபத்தைந்தரை மணி, வர இருபத்தொன்றரை மணி. குளிர்காலத்தில் அவர்கள் நம்மைவிடப் பதின்மூன்றரை மணி பின்னால் இருக்கிறார்கள். மார்ச் இரண்டாவது ஞாயிறு அன்று கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறு வரை பன்னிரண்டரை மணி பின்னால் இருப்பார்கள். கோடைக்கு ஒரு சுலப வழி உண்டு: நம் மணியில் அரை மணியைக் கழித்து, பகலை இரவாக்குங்கள். காலை ஒன்பதரை என்றால் அங்கே முந்தின நாள் இரவு ஒன்பது. குளிர்காலத்துக்கு ஒன்றரையைக் கழிக்க வேண்டும். இது தெரியாமல் போன் போட்டு விடியற்காலை மூன்று மணிக்கு மாப்பிள்ளையை எழுப்பி, "சும்மாதான் கூப்பிட்டேன்" என்று சொன்ன மாமனார் நான் ஒருவன் மட்டும் இல்லை.

இந்த அரை மணிக் குடைச்சல் எங்கிருந்து வந்தது என்றால், நம் ஊரிலிருந்து வரவில்லை. நுங்கம்பாக்கம் வானாய்வகத்தின் கணக்குப்படி மெட்ராஸ் நேரம் கிரீன்விச்சுக்கு ஐந்து மணி இருபத்தொரு நிமிடம் முன்னால் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்திய ரயில்கள் அந்த நேரத்தில்தான் ஓடின. 1906-இல் ஐந்தரை ஆக்கிவிட்டார்கள். ஒன்பது நிமிடம் நம்மிடமிருந்து போனது. திருப்பித் தரவே இல்லை.

இவ்வளவுக்கும் பிறகு, இருபத்தைந்தரை மணி என்பதும் வாசலிலிருந்து வாசல் வரை உள்ள கணக்கு இல்லை. அதில் ஆகாயத்தில் இருப்பது இருபது மணி, மீதி துபாயில் தங்கக்கட்டி விற்கும் கடைக்கு முன்னால் செருப்பைக் கழற்றி உட்கார்ந்திருந்தது. எங்கள் வீட்டிலிருந்து விமான நிலையம் நாலரை கிலோமீட்டர். விமானம் விடியற்காலை நாலு மணிக்கு. வீட்டை விட்டு நாங்கள் கிளம்பியது இரவு பத்து மணிக்கு, ஏனென்றால் வழியனுப்ப வந்தவர்களுக்கு மறுநாள் ஆபீஸ் இருந்தது. இந்த நாலரை கிலோமீட்டருக்கு ஆறு மணி நேரம். அதாவது மணிக்கு முக்கால் கிலோமீட்டர். லாம்ப்டனோடு ஒப்பிட்டால் பாய்ச்சல்தான்.

விமானத்துக்குள் ஒரே ஒரு ஆலோசனை. முன் இருக்கையின் முதுகில் இருக்கும் திரையில் படத்தைப் போட்டு, சின்ன விமானம் நகர்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் பொங்காது. "மீதமுள்ள நேரம் 11 மணி 40 நிமிடம்" என்று காட்டும். ஒரு தூக்கம் போட்டு, எழுந்து, கழிவறை வரிசையில் நின்று, மதுரைக்காரர் ஒருவரோடு பழகி, அவர் பிள்ளைக்குப் பெண் பார்க்கும் விஷயம் வரை பேசிவிட்டு வந்து பார்த்தால் 11 மணி 5 நிமிடம் காட்டும். என் மனைவி திரைப் பக்கமே பார்க்காமல் ஸ்லோகப் புத்தகத்தை எடுத்தாள். விஷ்ணு சகஸ்ரநாமம் அரை மணி. எட்டுத் தடவை சொன்னால் நாலு மணி போய்விடும் என்பது அவள் கணக்கு. போட்ட எல்லாக் கணக்கிலும் பிசகாமல் வந்தது அது ஒன்றுதான்.

யாருக்கு என்ன விடை சொல்ல வேண்டும் என்பதை இப்போது நீங்களே ஊகித்திருப்பீர்கள். இஸ்திரிக்காரருக்கு "ஒரு நாள்" போதும். அவர் கேட்டது துணி எப்போது வேண்டும் என்பதற்காக. பல் டாக்டரிடம் இருபது மணி என்று பறக்கும் நேரத்தை மட்டும் சொல்லுங்கள். சம்பந்தியிடம் உள்ளதைவிட மூன்று மணி கூட்டிச் சொல்லுங்கள். அவ்வளவு சிரமப்பட்டு வந்தவர்களை உடனே சமையலறையில் விடமாட்டார்கள்.

ஒரே ஒருவரிடம் மட்டும் விடையை முந்திக்கொண்டு சொல்லக்கூடாது. சான் பிரான்சிஸ்கோவில் இறங்கியதும் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த குடியேற்ற அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "ஹவ் லாங்?" என்றார். ஒன்றரை மாதமாக ஐம்பது பேரிடம் பயிற்சி எடுத்தவன் நான். சற்றும் தயங்காமல், "ட்வென்டி ஃபைவ் அண்ட் எ ஹாஃப் அவர்ஸ்" என்றேன். அவர் தலையை நிமிர்த்தினார். அவ்வளவு தூரம் நான்கு பெட்டிகளோடு வந்து ஒரு நாள் தங்கிவிட்டுப் போகிற தம்பதியை அவர் பார்த்ததில்லை போலிருக்கிறது. என் மனைவி பக்கத்திலிருந்து ஆறு விரலைக் காட்டினாள். ஆறு மாதம் என்று முத்திரை விழுந்தது.

திரும்பி வந்த வியாழன் விடியற்காலை மீனம்பாக்கத்தில் வெளியே வந்தோம். அந்தக் குளிரிலும் மனசுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. போக வர 32,000 கிலோமீட்டர், டிக்கெட் தலைக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம். கிலோமீட்டருக்கு நாலு ரூபாய்க்கும் குறைவு, அதில் மூன்று வேளைச் சாப்பாடு, போர்வை, தலையணை. பரவாயில்லையே என்று நினைத்துக்கொண்டே ஆட்டோவைக் கூப்பிட்டேன்.

"குரோம்பேட்டை. எவ்வளவுப்பா?"

"முந்நூத்தம்பது குடு சார்."

நாலரை கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு எழுபத்தெட்டு ரூபாய் என்று அவரிடம் கணக்குப் போட்டுக் காட்டினேன். அமெரிக்காவுக்கே நாலு ரூபாய்தான் என்பதையும் சொன்னேன். அவர் பெட்டிகளைத் தூக்கிப் பின்னால் திணித்துக்கொண்டே சொன்னார்:

"அவன் திரும்பும்போது ஆள் ஏத்திக்கினு வருவான் சார். நான் காலியா வரணும்ல?"